அந்தி சாய்ஞ்சா வீறிட்டு அழும் பச்சைக் குழந்தை: வெற்றிலை, வசம்பு, கிரைப் வாட்டர்... எது வேலை செய்யுது?

சோழவந்தான்னு சொன்னாலே வெற்றிலைதான் ஞாபகத்துக்கு வரும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த வெற்றிலை, மதுரைப் பக்கம் தாம்பூலத் தட்டுக்கு மட்டும் போவதில்லை. பிறந்து ஒரு மாதம் ஆன குழந்தையின் வயிற்றுக்கும் போகும். இலையில் விளக்கெண்ணெய் தடவி, விளக்குச் சூட்டில் லேசாக வாட்டி, தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள். "வயித்துல வாயு. இதைப் போட்டா கலைஞ்சிரும்" என்பது பாட்டியின் கணக்கு.

அதே வீட்டில் குழந்தையின் கையில் வசம்பு வளையல் இருக்கும். அலமாரியில் கிரைப் வாட்டர் பாட்டில் இருக்கும். அதற்குப் பக்கத்தில் மெடிக்கல்ல கேட்டு வாங்கிய 'கேஸ் டிராப்ஸ்' இருக்கும். அப்பாவின் போனில் 'குழந்தை ஏன் அழுகிறது' என்று இரவு இரண்டு மணிக்குத் தேடிய ஹிஸ்டரி இருக்கும். இத்தனைக்கும் நடுவில் குழந்தை அழுதுகொண்டே இருக்கும்.

பால் குடிச்சாச்சு. டயபர் மாத்தியாச்சு. காய்ச்சல் இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஆனால் முகம் சிவக்க, கையை மூடிக்கொண்டு, காலை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழுகிறது. எதைச் செய்தாலும் அடங்கவில்லை. இதைத்தான் டாக்டர்கள் 'கோலிக்' என்கிறார்கள். இது ஏன் வருகிறது, எப்போது நிற்கும், எது உதவும், எது ஆபத்து? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோலிக்னா என்ன?

1954-ல் அமெரிக்கக் குழந்தை நல மருத்துவர் மோரிஸ் வெஸ்ஸல் ஒரு எளிய கணக்கைச் சொன்னார். நன்றாகப் பால் குடித்து, ஆரோக்கியமாக இருக்கும் குழந்தை, ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது கோலிக். 'மூன்றின் விதி' என்று இதற்குப் பெயர்.

ஆனால் மூன்று வாரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார எந்தத் தாயால் முடியும்? 2016-ல் வெளியான 'ரோம் 4' வழிகாட்டுதல் இந்த மணிக்கணக்கைத் தளர்த்தியது. இப்போதைய விளக்கம் இதுதான்: 5 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, வெளிப்படையான காரணம் இல்லாமல், திரும்பத் திரும்ப, நீண்ட நேரம் அழுகிறது. வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்தும் தடுக்கவோ நிறுத்தவோ முடியவில்லை. எடை சரியாக ஏறுகிறது, காய்ச்சல் இல்லை, நோய் அறிகுறி எதுவும் இல்லை.

இதில் கடைசி வரிதான் முக்கியம். எடை ஏறாத குழந்தைக்கோ, காய்ச்சல் இருக்கும் குழந்தைக்கோ 'கோலிக்தான்' என்று வீட்டிலேயே முடிவு செய்யக் கூடாது.

ஆறாவது வாரம் என்ன நடக்குது?

1962-ல் பெர்ரி பிரேசல்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 80 குழந்தைகளின் அழுகையை அம்மாக்களையே நோட்டில் குறிக்கச் சொன்னார். இரண்டாவது வாரத்தில் ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம் அழுதார்கள். ஆறாவது வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரம். அதன் பிறகு தானாகவே இறங்கியது. அழுகை அதிகமாகக் குவிந்த நேரம் சாயங்காலமும் முன்னிரவும்.

2017-ல் டீட்டர் வோல்கே குழுவினர், பல நாடுகளில் நடந்த 28 ஆய்வுகளைச் சேர்த்து, 8,690 குழந்தைகளின் தகவலை அலசினார்கள். முதல் ஆறு வாரங்களில் சராசரி அழுகை ஒரு நாளைக்கு 117 முதல் 133 நிமிடம். 10 முதல் 12 வாரத்தில் அது 68 நிமிடமாகக் குறைந்துவிட்டது. கோலிக் என்ற அளவுக்கு அழுத குழந்தைகள் முதல் ஆறு வாரங்களில் 17 முதல் 25 சதவீதம். 8, 9 வாரத்தில் 11 சதவீதம். 10 முதல் 12 வாரத்தில் வெறும் 0.6 சதவீதம்.

அதாவது, அழுகை ஒரு மலை மாதிரி. இரண்டாவது வாரத்தில் ஏறத் தொடங்கி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சிக்குப் போய், மூன்றாவது, நான்காவது மாதத்துக்குள் இறங்கிவிடும். குறை மாதத்தில் பிறந்த குழந்தை என்றால், பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

இந்த மலையை மனதில் வைத்துக்கொண்டு நம்ம ஊர் காலண்டரைப் பாருங்கள். ஆறாவது வாரம் என்பது '45 நாள் ஊசி' போடும் சமயம். ஊசி போட்ட அன்று குழந்தை அழும், லேசாகக் காய்ச்சலும் வரலாம். அது ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் அழுகை உச்சத்தில் இருக்கும் வாரமும் அதுவே என்பதால், "ஊசி போட்டதுல இருந்துதான் இப்படி அழுவுது" என்று பழி ஊசி மேல் விழுகிறது. அடுத்த ஊசியைத் தள்ளிப்போடும் வீடுகளும் உண்டு. அது தேவையில்லாத ஆபத்து.

அப்படியே இன்னொரு பக்கம். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பெண், மூன்றாவது மாதமோ ஐந்தாவது மாதமோ மாமியார் வீட்டுக்குத் திரும்புவாள். "எங்க வீட்டுக்கு வந்ததும் பிள்ளை அழுகையை நிப்பாட்டிருச்சு பாரு" என்று அங்கே பெருமையாகப் பேசுவார்கள். எந்த வீட்டில் இருந்திருந்தாலும் அந்தச் சமயத்தில் அழுகை குறைந்திருக்கும்.

மருந்து விஷயமும் இதேதான். ஆறாவது வாரத்தில், அழுகை தாங்க முடியாமல் போகும்போதுதான் எல்லா மருந்தும் வீட்டுக்குள் வருகிறது. அதற்குப் பிறகு அழுகை எப்படியும் இறங்கத்தான் போகிறது. கடைசியாக எதைக் கொடுத்தோமோ அதற்குத்தான் பேர் கிடைக்கிறது. ஒரு வீட்டில் வசம்பு, இன்னொரு வீட்டில் டிராப்ஸ், மூன்றாவது வீட்டில் திருஷ்டி சுற்றியது.

அப்போ வயித்துல வாயு இல்லையா?

வாயு இருக்கும். ஆனால் பெரும்பாலும் அது அழுகையின் காரணம் அல்ல, விளைவு. குழந்தை வாயைத் திறந்து வீறிடும்போது காற்றை விழுங்குகிறது. வயிறு உப்புகிறது. பிறகு காற்று பிரிகிறது. அந்த நேரத்தில் அழுகையும் ஓய்ந்தால், "வாயு போனதும் சரியாப் போச்சு" என்று தோன்றும்.

கோலிக்குக்கு ஒற்றைக் காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் இன்னும் நிலைபெறாதது, குடல் அசைவு சீராகாதது, வளர்ந்துகொண்டிருக்கும் நரம்பு மண்டலம் வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாமல் திணறுவது என்று சில விளக்கங்கள் உண்டு. பகல் முழுக்க ஆள் மாற்றி ஆள் தூக்கி, கொஞ்சி, டிவி சத்தம் கேட்டு, சாயங்காலம் களைத்துப்போகும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். அந்தி நேர அழுகையைப் பார்த்து 'கண்ணு பட்டிருச்சு' என்று சொன்ன பழைய ஆட்கள் நேரத்தைச் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. குழந்தை முகம் சிவந்து, பத்து நிமிடம் முக்கி, அழுது, கடைசியில் மெத்தென்று மலம் கழிக்கும். இது மலச்சிக்கல் அல்ல. வயிற்றை அழுத்தும்போது கீழே தசையைத் தளர்த்த வேண்டும் என்பதைக் குழந்தையின் உடம்பு இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. சில வாரங்களில் பழகிவிடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, ஆறு வாரத்துக்குப் பிறகு நான்கைந்து நாள், சில சமயம் ஒரு வாரம்கூட மலம் கழிக்காமல் இருக்கலாம். மலம் இளக்கமாக இருந்து, குழந்தை பால் குடித்து, சிறுநீர் போனால் கவலை வேண்டாம்.

இந்த இடத்தில்தான் வெற்றிலை மறுபடி வருகிறது. காம்பில் எண்ணெய் தடவி ஆசன வாயில் விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மெல்லிய தோல் கிழியலாம், கிருமி தொற்றலாம். அது இல்லாமல் தானாக மலம் கழிக்கக் கற்றுக்கொள்வதும் தாமதமாகும். இதை விட்டுவிடுங்கள்.

வீட்டுல கொடுக்குற ஒவ்வொண்ணும்: ஓகேவா, வேண்டாமா?

வாட்டிய வெற்றிலை: இதில் கிடைப்பது இதமான சூடும், மேலே தடவும் கையின் ஸ்பரிசமும். வெற்றிலை வாயுவை உறிஞ்சுவதில்லை. போடுவதென்றால் உங்கள் கன்னத்தில் வைத்துப் பார்த்து, சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகே போட வேண்டும். பச்சைக் குழந்தையின் தோல் நம் தோலைவிட வேகமாகச் சுட்டுப்போகும். வெறும் கையால் வயிற்றை மெதுவாகத் தடவினாலும் அதே இதம்தான்.

வசம்பு: இதைப் 'பேர் சொல்லா மருந்து' என்றும் 'பிள்ளை வளர்ப்பான்' என்றும் சொல்வார்கள். சுட்ட வசம்பை உரசி நாக்கில் தடவுவது பழைய வழக்கம். வசம்பில் பீட்டா-அசரோன் என்ற பொருள் இருக்கிறது. எலிகளிடம் நடந்த சோதனையில் அது புற்றுநோயை உண்டாக்கியதால், 1968-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உணவில் வசம்பு சேர்க்கத் தடை விதித்தது. உரைமருந்தில் வசம்போடு ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் எல்லாம் சேரும். எவ்வளவு உள்ளே போகிறது என்பதற்கு அளவு கிடையாது. உரைகல்லும் சுத்தமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம். கையில் கட்டினாலும் குழந்தை வாயில் வைத்துச் சப்பும், நூல் இறுகும் என்பதை மறக்காதீர்கள்.

கிரைப் வாட்டர்: 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் தயாரித்தது. சதுப்பு நிலக் காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்குக் கொடுத்த மருந்தைப் பார்த்து உருவாக்கினார் என்கிறார்கள். அந்தப் பழைய கலவையில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு 3.6 சதவீத ஆல்கஹாலும் இருந்தது. குழந்தை 'அமைதியானதற்கு' எது காரணம் என்று நீங்களே யோசிக்கலாம். பிரிட்டனில் 1992-ல்தான் ஆல்கஹால் நீக்கப்பட்டது. இப்போது கடைகளில் கிடைப்பவற்றின் லேபிளில் 'ஆல்கஹால் இல்லை' என்றுதான் இருக்கிறது. ஆனால் கோலிக்கைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. இனிப்பு நாக்கில் பட்டதும் குழந்தை கொஞ்ச நேரம் அடங்கும், அவ்வளவுதான். பாட்டி, அம்மா, மகள் என்று தலைமுறைகள் வரும் அந்த டிவி விளம்பரம் நம் மனதில் பதிந்த அளவுக்கு, உலக சுகாதார நிறுவனம் சொல்வது பதியவில்லை: முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம்.

கேஸ் டிராப்ஸ்: பெரும்பாலும் சிமெத்திகோன். 1994-ல் 83 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், இதற்கும் மருந்தே இல்லாத போலிச் சொட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெரிய ஆபத்து இல்லை, பெரிய பலனும் இல்லை.

கவனமாகப் பார்க்க வேண்டியது டைசைக்ளோமின் என்ற மருந்து. வயிற்று வலிக்கான சில சொட்டு மருந்துகளில் சிமெத்திகோனோடு இதுவும் சேர்ந்திருக்கும். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இதைக் கொடுக்கவே கூடாது. மூச்சுத் தடை, வலிப்பு, மரணம் வரை பதிவாகியிருக்கிறது. 'பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தது' என்று வாங்காதீர்கள். வீட்டில் பாட்டில் இருந்தால் இப்போதே எடுத்து லேபிளைப் படியுங்கள்.

புரோபயாட்டிக் சொட்டு: லாக்டோபேசில்லஸ் ராய்டெரி என்ற ஒரு குறிப்பிட்ட வகைக்கு மட்டும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. நான்கு ஆய்வுகளைச் சேர்ந்த 345 குழந்தைகளின் தகவலை 2018-ல் அலசியபோது, மூன்று வாரத்தில், போலி மருந்து கொடுத்தவர்களைவிட நாளுக்குச் சுமார் 25 நிமிடம் கூடுதலாக அழுகை குறைந்திருந்தது. பலன் தெரிந்தது தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடம்தான். பவுடர் பால் குடிக்கும் குழந்தைகளுக்குப் பலன் உறுதியாகவில்லை. டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

தேன், சர்க்கரைத் தண்ணீர்: தேனில் போட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயது வரை நாக்கில் தொட்டுவைக்கக்கூட வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர் குட்டி வயிற்றை நிரப்பி, பால் குடிப்பதைக் குறைத்துவிடும்.

மூக்கில் எண்ணெய், வாயால் ஊதுவது, சாம்பிராணிப் புகை: எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியா வரும். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போகும். புகையும் மூச்சுக்குழாயைப் பாதிக்கும். ரெண்டுமே வேண்டாம்.

'உரம் விழுந்துருச்சு' என்று சேலையில் போட்டு உருட்டுவது, தொக்கம் எடுப்பது: கழுத்து நிற்காத குழந்தையை உருட்டினால் தலையிலும் கழுத்திலும் அடிபடலாம். தொண்டையில் இருந்து எதையோ எடுத்துக் காட்டுபவர்களிடம் போவதால் நேரம் வீணாகும், நிஜமான நோய் இருந்தால் அது தெரியாமல் போகும்.

திருஷ்டி சுற்றிப்போடுவதா? குழந்தையின் உடம்புக்குள் எதுவும் போகாது. மிளகாய்ப் புகையைக் குழந்தை பக்கம் விடாதவரை அது வீட்டின் நம்பிக்கை.

சரி, எதுதான் உதவும்?

முதலில் தூக்கிக்கொள்ளுங்கள். 'தூக்கித் தூக்கிப் பழக்காதே' என்பார்கள். இந்த வயதில் அப்படிக் கெட்டுப்போவதற்கு எதுவும் இல்லை. 1986-ல் கனடாவில் நடந்த ஆய்வில், அழாத நேரத்திலும் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள், ஆறாவது வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். அவை சாதாரணமாக அழும் குழந்தைகள். ஏற்கெனவே கோலிக் வந்த குழந்தைகளிடம் அந்த அளவு பலன் தெரியவில்லை. ஆனாலும் இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

எப்படித் தூக்குவது? 2022-ல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு மையம் 21 குழந்தைகளிடம் பார்த்து ஒரு வழியைச் சொன்னது. அழும் குழந்தையை மார்போடு அணைத்து, ஒரே சீராக, நிற்காமல் 5 நிமிடம் நடங்கள். தூங்கிவிட்டால் உடனே கீழே போடாதீர்கள். மடியில் வைத்தபடி இன்னும் 5 முதல் 8 நிமிடம் உட்கார்ந்து, பிறகு படுக்க வையுங்கள். உடம்பைவிட்டுப் பிரியும் நொடியில்தான் குழந்தை முழித்துக்கொள்கிறது. ஆழ்ந்து தூங்கிய பிறகு என்றால் முழிப்பது குறைவு. மொட்டை மாடியோ, வராண்டாவோ, ஹாலோ போதும்.

சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து வீட்டைக் கொஞ்சம் அமைதியாக்குங்கள். டிவி சத்தத்தைக் குறைக்கலாம், லைட்டை மங்கலாக்கலாம், பார்க்க வருபவர்களைக் காலையில் வரச் சொல்லலாம். மெல்லிய பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றுவது சில குழந்தைகளுக்குப் பிடிக்கும். மதுரை வெயிலில் கம்பளி வேண்டாம். இடுப்பும் காலும் அசைய இடம் இருக்கட்டும். வெதுவெதுப்பான தண்ணீர்க் குளியல், காலை சைக்கிள் ஓட்டுவதுபோல மெதுவாக மடக்கி நீட்டுவது, தாலாட்டு என்று எல்லாவற்றையும் முயற்சி செய்யுங்கள். நேற்று வேலை செய்தது இன்று செய்யாமல் போகலாம். அது உங்கள் தவறு அல்ல.

பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது? சண்டிகரின் பி.ஜி.ஐ.எம்.இ.ஆர் மருத்துவமனையில் 71 தாய், குழந்தை ஜோடிகளிடம் செய்த ஆய்வில், ஏப்பம் எடுப்பதால் கோலிக் குறையவில்லை. பால் கக்குவது கொஞ்சம் அதிகமானது. அதனால் நன்றாகத் தூங்கிப்போன குழந்தையை 'ஏப்பம் வரல' என்று தட்டி எழுப்ப வேண்டாம்.

தூக்கம்: ராத்திரி, பகல் தெரியாத குழந்தை

பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் துண்டு துண்டாக. வயிறு சின்னது என்பதால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் வேண்டும். இரவு, பகலைப் பிரித்து அறியும் உடல் கடிகாரம் உருவாகவே இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதனால் ஒரு மாதக் குழந்தை ராத்திரி முழுக்கத் தூங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் மங்கிய விளக்கும் கிசுகிசுப்பும். இந்த வித்தியாசத்தைத் தினமும் காட்டினால் மெல்லப் பிடித்துக்கொள்ளும்.

தூங்கவைக்கும்போது மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். சமமான, கெட்டியான படுக்கை. முகத்துக்குப் பக்கத்தில் தலையணை, பொம்மை, தளர்ந்த போர்வை வேண்டாம். 'குப்புறப் போட்டா வாயு போகும்' என்பதற்காகத் தூங்கும்போது குப்புறப் போடாதீர்கள். திடீர் மரண ஆபத்து கூடும். முழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கையில் கொஞ்ச நேரம் குப்புறப் போடலாம்.

தூளி? நம்ம ஊரில் தூளி இல்லாத வீடு குறைவு. ஆட்டம் குழந்தைக்குப் பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் துணி வளைவில் தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைபடும். அதனால் ஆட்டி அமைதிப்படுத்த மட்டும், ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். தூங்கியதும் பாயிலோ மெத்தையிலோ சமமாகப் படுக்க வையுங்கள். சின்ன அண்ணன், அக்காவிடம் 'பார்த்துக்கோ' என்று விட்டுப் போகாதீர்கள்.

"பால் பத்தலையோ?" என்ற கேள்வி

குழந்தை அழும் வீட்டில் அம்மாவைத்தான் முதலில் விசாரிப்பார்கள். "நேத்து என்ன சாப்பிட்ட?" "குளிர்ச்சியா எதையும் குடிச்சியா?" "பால் பத்தலையோ?"

பால் போதுமா என்பதை அழுகையை வைத்து அளக்க முடியாது. முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டியதா, அதன் பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறுகிறதா? இதுதான் அளவுகோல். இது சரியாக இருந்தால் பால் போதும். அழுகையைப் பார்த்துப் பவுடர் பாலுக்கு மாறினால், தாய்ப்பால்தான் குறையும், கோலிக் குறையாது. பவுடர் பாலை விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-லேயே இந்தியாவில் சட்டம் வந்ததற்குக் காரணமே, இந்தப் பயத்தை வைத்து விற்பனை நடந்ததுதான்.

பத்தியம் என்ற பெயரில் அம்மாவின் சாப்பாட்டைக் குறைப்பதும் தேவையில்லை. குழந்தையின் மலத்தில் ரத்தமோ அதிகச் சளியோ இருந்து, மாட்டுப்பால் ஒவ்வாமை என்று டாக்டர் சந்தேகப்பட்டால், அம்மா பால் பொருட்களைச் சில வாரம் நிறுத்திப் பார்க்கச் சொல்வார். அது தவிர வயிறாரச் சாப்பிடலாம். வீட்டுக்குள் பீடி, சிகரெட் பிடிப்பவர் இருந்தால், நிறுத்த வேண்டியது அதைத்தான்.

அப்பாக்களே, லீவை எப்ப எடுக்குறீங்க?

மத்திய அரசு ஊழியருக்குத் தந்தையர் விடுப்பு 15 நாள். தனியார் துறைக்குச் சட்டமே கிடையாது, கம்பெனி கொடுத்தால்தான் உண்டு. பெரும்பாலான அப்பாக்கள் குழந்தை பிறந்ததும் எல்லா லீவையும் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் முதல் வாரத்தில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், குழந்தையும் பெரும்பாலும் தூங்கும். ஆளே இல்லாமல், அழுகை உச்சத்தில் இருப்பது ஐந்திலிருந்து எட்டாவது வாரம் வரை. முடிந்தால் நாலு நாள் லீவை அதற்கு மிச்சம் வையுங்கள்.

லீவு இல்லையா? சாயங்காலம் ஒரு ஷிப்ட் போடுங்கள். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை அப்பா அல்லது பாட்டி, பால் கொடுக்க மட்டும் அம்மா. நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கிய அம்மா அடுத்த நாளைத் தாங்குவாள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், கோலிக்கால் குழந்தைக்கு நிரந்தரப் பாதிப்பு வருவதில்லை. ஆனால் தூங்காமல், அழுகையைக் கேட்டுக்கேட்டு ஒரு கட்டத்தில் நிதானம் இழந்து குழந்தையைக் குலுக்கிவிட்டால் பாதிப்பு வரும். சில நொடி வேகமாகக் குலுக்கினாலே மூளைக்குள் ரத்தம் கசியலாம், பார்வை போகலாம், உயிரே போகலாம். நல்ல அப்பா, அம்மாவுக்கும் இந்தக் கோபம் வரும். வந்தால் குழந்தையைச் சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, அறையைவிட்டு வெளியே வந்து ஐந்து, பத்து நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் குடியுங்கள். யாரையாவது கூப்பிடுங்கள். அந்தப் பத்து நிமிட அழுகையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

அம்மாவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, வெறுமை, குழந்தை மேல் ஒட்டுதல் இல்லாமை, 'நான் இல்லாமப் போனா நல்லது' என்ற நினைப்பு இருந்தால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது?

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் அது கோலிக் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள்:

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். உடம்பு சில்லென்று இருப்பதும் ஆபத்துதான்.

பச்சை நிற வாந்தி, அல்லது ஒவ்வொரு முறையும் பீய்ச்சி அடிக்கும் வாந்தி.

மலத்தில் ரத்தம். வயிறு கல் மாதிரி உப்பியிருப்பது.

பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, எழுப்பினாலும் எழாதது, அழுகை பலவீனமாக முனகலாக மாறுவது.

உச்சிக்குழி புடைத்திருப்பது, வலிப்பு, மூச்சுத் திணறல்.

தொடை இடுக்கில் அல்லது விதைப்பையில் திடீர் வீக்கம்.

அழுகை திடீரென்று, முன்பு இல்லாத மாதிரி தொடங்கி நிற்காமல் போனால் உடையைக் கழற்றி உச்சி முதல் பாதம் வரை பாருங்கள். கால் விரலில் அம்மாவின் தலைமுடி சுற்றி இறுகியிருப்பதுகூடக் காரணமாக இருக்கும்.

அவசரம் என்றால் 108. சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் இருப்பவர்களைப் பெரும்பாலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள்.

45 நாள் ஊசிக்குப் போகும்போது இதைக் கேளுங்க

தேசிய அளவிலான வீட்டுவழிப் பச்சிளங்குழந்தை பராமரிப்புத் திட்டத்தில், ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-வது நாட்களில் வீட்டில் வந்து பார்க்க வேண்டும். கடைசி வருகை 42-வது நாள். அழுகை உச்சத்தில் இருக்கும் அதே வாரத்தில் அந்த வருகை முடிந்துவிடுகிறது. அடுத்ததாக நீங்கள் ஒரு நர்ஸையோ டாக்டரையோ நேரில் பார்க்கப்போவது அநேகமாக 45 நாள் ஊசி முகாமில்தான். கூட்டத்தில் ஊசி போட்டதும் கிளம்பிவிடாதீர்கள்.

அதற்கு மூன்று நாள் முன்பே போன் நோட்ஸில் குறித்துவையுங்கள்: எத்தனை மணிக்கு அழுகை தொடங்கியது, எப்போது நின்றது, எத்தனை தடவை பால், எத்தனை தடவை சிறுநீர். அழும்போது ஒரு நிமிட வீடியோ எடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் குழந்தை சமர்த்தாகத் தூங்கும், வீடியோதான் டாக்டருக்கு உதவும். வீட்டில் கொடுக்கும் எல்லா மருந்தின் பாட்டிலையும், உரைமருந்து உட்பட, மறைக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். எடை போடச் சொல்லி, பிறந்த எடையோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.

எடை சரியாக ஏறியிருக்கிறது, மேலே சொன்ன அறிகுறி எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னால், புது மருந்து தேடுவதை நிறுத்திவிடலாம். காலண்டரில் மூன்றாவது மாதத்தைக் குறித்துவையுங்கள். அதுவரை மாற்றி மாற்றித் தூக்க வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். இன்று ராத்திரிக்குத் தேவை அந்தப் பட்டியல்தான்.